குயிலும் தாழையும் ஒரு பொய்ச் சாட்சியும்

"தம்பி, அவசரமில்லை. நல்லா யோசிச்சே சொல்லும். அங்கன கூவுதே, அது ஆணா, பெண்ணா?"

கேட்டவர் ஏரல் சங்கரமூர்த்திப் பிள்ளை. ஆற்றுப் பாசனத்தில் நன்செய், சிவன் கோயிலில் தர்மகர்த்தா பதவி, தோளில் எப்போதும் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம் என்று எல்லாம் நிறைந்த மனிதர். கேட்கப்பட்டவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் உபாத்தியாயர், வயது இருபத்து நாலு, சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடி உண்டு.

அவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள். நான் சொல்லும் பதிலைப் பொறுத்து அந்தத் தாம்பாளம் என் மாமாவின் கைக்கு வரும், இல்லாவிட்டால் வந்த வழியே அடுக்களைக்குப் போகும். தாம்பாளம் வந்தால் அந்த வீட்டுப் பெண் வடிவு எனக்கு. போனால் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, கம்பளிப்பூச்சி தின்று மொட்டையாக நின்ற முருங்கையில், கரேலென்று ஒரு குயில் உட்கார்ந்து தொண்டை புடைக்கக் கூவிக்கொண்டிருந்தது. குயில் என்பது சாமானியமாகக் கண்ணில் படாது. இலை மறைவில் இருந்து சத்தம் மட்டும் கொடுக்கும். அன்றைக்கு என்னவோ, கூடத்தில் இருந்த எல்லாரும் பார்க்கும்படி வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரு சின்னக் குயில் கேள்விக்கும் என் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை உண்டாக்கியவன் நானேதான்.

குடை போன கதை

அதற்கு நாலைந்து மாதம் முந்தி, தைப்பூசத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் போயிருந்தேன். இந்த நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். ரயில் கிடையாது. மாட்டுவண்டியில் எலும்பெல்லாம் குலுங்கப் போய் இறங்கவேண்டும்.

உபாத்தியாயர் வேலைக்கு வந்த புதிது. தலைப்பாகை, கோட்டு, குடை மூன்றும் இல்லாமல் வீதியில் இறங்கமாட்டேன். கடற்கரையிலும் அப்படியே நின்றேன். ஒரு காற்று வந்து குடையைப் பிடுங்கியது. குடையைத் துரத்திக்கொண்டு ஓடினேன். அலை வந்தது. குடை கடலுக்குள் போக, நான் முழங்கால் மண்டியிட்டபடி கரையில் கிடந்தேன். தலைப்பாகை மட்டும் தலையில் இருந்தது.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் பெண்கள் சிரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இந்தப் பெண் பொத்தவில்லை. விழுந்தவனை நேராகப் பார்த்து, மனசு விட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தச் சிரிப்பு நம் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தோன்றியது.

அம்மா விசாரித்தாள். ஏரல் பிள்ளையவர்களின் மகள், பெயர் வடிவு. தகப்பனாருக்குக் கண்ணில் படலம் விழுந்ததால், வாசித்துக் காட்டுவதும் எழுதிக் கொடுப்பதும் இவள்தான். அதனாலேயே ஊர்க் கணக்குக்குக் கல்யாணம் தாமதம். அம்மாவின் தம்பி ஆறுமுகம் மாமா பேச்சை எடுத்தார். ஜாதகம் பொருந்தியது. வைகாசியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. நான் சும்மா இருந்திருந்தால் போதும். அது ஒன்றுதான் எனக்கு எந்தக் காலத்திலும் வராத வித்தை.

ரோஜா நிறக் காகிதம்

மாசி மாதம் திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாணம். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அப்போது எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் தாலிக்கு அடுத்தபடி முக்கியம் வாழ்த்துப்பா. தமிழ் தெரிந்தவர் யாராவது இருபது முப்பது செய்யுள் பாடி, ரோஜா நிறக் காகிதத்தில் அச்சடித்து, சந்தனத்தோடு சேர்த்துப் பந்தலில் வழங்குவார்கள். ஒருவர் எழுந்து ராகத்தோடு வாசிப்பார். அதற்குள் சாம்பார் ஆறிவிடும்.

அன்றைய வாழ்த்துப்பாவின் கீழே 'பொருநைத் தொண்டன்' என்று மட்டும் போட்டிருந்தது. சொந்தப் பெயர் போடாமல் இருப்பது அடக்கம் என்று கருதப்பட்ட காலம். பாட்டின் விஷயம், குயிலும் தாழையும் போடுகிற வழக்கு. "மணப்பெண் என் இனம், அவள் பேச்சைக் கேளுங்கள்" என்கிறாள் குயிற்பேடு. "இல்லை, அவள் என் இனம், அவள் கூந்தல் மணத்தைப் பாருங்கள்" என்கிறாள் தாழை மங்கை. பறவைக்குச் சிறகு உண்டு, பூவுக்கு முள் உண்டு. பறவை வசந்தத்தில் மட்டும் பாடும், பூ வாடினாலும் மணக்கும். இப்படி மாறி மாறி இருபத்தெட்டுப் பாட்டு. கடைசியில் மணப்பெண்ணே இருவரையும் சமாதானம் செய்கிறாள்.

பந்தலில் எல்லாரும் தலையாட்டினார்கள். இன்று நினைத்தால் நல்ல பாட்டுதான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் அரித்தது. கூவுவது ஆண் குயில் என்று எங்கோ ஓர் இங்கிலீஷ் புஸ்தகத்தில் படித்திருந்தேன். தாழையிலும் மணக்கிற பூ ஆண் என்று இன்னொன்றில் படித்த ஞாபகம். அப்படியானால் இந்தப் புலவர் மணப்பெண்ணை இரண்டு ஆண்பிள்ளைகளோடு அல்லவா ஒப்பிட்டிருக்கிறார்? பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். அந்தக் கல்யாணத்துப் பாயசம் பிரமாதம் என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

ஒன்பது நாள் ஆராய்ச்சி

படித்ததை மட்டும் வைத்து அந்தப் பாட்டை மறுத்து எழுதினால் போதாது, கண்ணால் காணவேண்டும் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்துத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, அடுத்த வீட்டுத் தோப்பைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வீட்டுக்காரர் என்னை சர்க்காருக்காக ரகசியமாக நிலம் அளக்கிறவன் என்று நினைத்துவிட்டார். தினமும் மோரும் இளநீரும் வந்தன. நான் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று குடித்தேன். ஒன்பதாம் நாள் அவரே மேலே ஏறி வந்து, "தோப்பு எல்லை எதுவரைக்கும் போகுது வே?" என்று பைய கேட்டார். குயில் பார்க்கிறேன் என்றேன். அன்றோடு இளநீர் நின்றது.

ஆனால் பார்த்துவிட்டேன். கூவுகிறது கறுப்பு, சிவந்த கண். அதைத் தேடி வருகிற பேடு தவிட்டு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதற்குக் கூவ வராது. கிக் கிக் என்று ஒரு கத்தல், அவ்வளவுதான்.

அடுத்தது தாழை. மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே வாய்க்கால் கரையில் தாழம்புதர் இருந்தது. நாகம் இருக்கும் என்று பயந்து ஒரு தடியால் தட்டித் தட்டி உள்ளே போனேன். நாகம் இல்லை. இரண்டு ஓரமும் நடுவிலும் முள் வைத்த மடல்கள் இருந்தன. கோட்டு கிழிந்தது, வேட்டி கிழிந்தது, கன்னத்தில் மூன்று கோடு. ஒரு புதரில் மஞ்சள் வெளுப்பாய் ஒரே ஒரு பூ மிச்சமிருந்தது. இன்னொரு புதரில் அன்னாசி மாதிரி காய்.

கரையில் ஓர் அம்மாள் பாய் முடைய ஓலை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் பூதக்கண்ணாடி வழியே பூவைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"என்னய்யா தேடுதீரு?"

"இதில் எது ஆண், எது பெண் என்று பார்க்கிறேன்."

"அந்தா நிக்கதுல பூ மணக்கும், காயே பிடிக்காது. இதுல காய் பிடிக்கும், ஒரு வாசமும் கிடையாது. இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீரு?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு வேலையாக வந்ததாகச் சொன்னேன். அந்த அம்மாளின் பெயரை என் நூலில் எங்கேயும் சேர்க்கவில்லை. கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆறு ஆட்சேபங்கள்

அந்தக் காலத்தில் ஒருவர் அச்சில் ஏதாவது சொன்னால், இன்னொருவர் அச்சில் கண்டனம் எழுதவேண்டும். கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்குச் சமாதானம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஜில்லாவில் மழை பெய்யாத வருஷம் உண்டு, கண்டனம் வெளிவராத வருஷம் கிடையாது. மூன்று கண்டனம் எழுதியவனை அறிஞன் என்பார்கள். நான் முதலாவதை எழுதினேன்.

'குயில் தாழை உண்மை விளக்கம்.' எட்டுப் பக்கம், ஆறு ஆட்சேபம். கூவுவது பேடு அன்று என்பது முதலாவது. மணப்பது மங்கை அன்று என்பது இரண்டாவது. பறவையையும் செடியையும் ஒப்பிட ஒரு சாஸ்திர முறை உண்டு, அது புலவருக்குத் தெரியவில்லை என்பது மூன்றாவது. நாலும் ஐந்தும் வெறும் திட்டு. ஆறாவதை எழுதும்போதுதான் எனக்கு என்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றியது. பிரமன் சிவனுடைய முடியைக் கண்டதாகச் சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால் சிவ பூஜைக்கு அது ஆகாது. பொய்ச் சாட்சி சொன்ன ஒன்றை ஒரு சைவப் பெண்ணுக்கு எப்படி உவமை சொல்லலாம்? 'உயிரே போவதானாலும் கண்டதைச் சொல்வதே கல்விக்கு அழகு' என்று முடித்திருந்தேன்.

'பொருநைத் தொண்டன்' மாதிரி நான் ஒளியவில்லை. முழுப் பெயர், படிப்பு, தெரு, கதவு இலக்கம் எல்லாம் போட்டு அச்சடித்து, தமிழ் தெரிந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் தபாலில் அனுப்பினேன். ஏரலுக்கும் ஒன்று போயிற்று. வருங்கால மாமனார் பார்த்துப் பூரிக்கட்டும் என்று முதல் தபாலில் அனுப்பியது அதைத்தான்.

மாமா வந்தார்

ஒரு வாரத்தில் ஆறுமுகம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஏலே சண்முகம், இதை எழுதினது நீதானா?"

"ஆமாம் மாமா. படிச்சீங்களா?"

"பொருநைத் தொண்டன் யாருன்னு தெரியுமாலே?"

"யாரோ அரைகுறைப் புலவன்."

"அந்த அரைகுறைதான் ஒனக்கு மாமனாராகப் போறவரு. போறவரா இருந்தவரு."

 மாமா நிறுத்தவில்லை.

"கண்ணு தெரியாதவரு. மவ வாசிச்சுக் காட்டியிருக்கா. ஆறு ஆட்சேபத்தையும் ஒண்ணு விடாம. கேட்டுட்டு, இனி நம்ம சம்பந்தம் வேண்டாம்னு ஆள் விட்டுட்டாரு."

திட்டு நிறைந்த நாலாவதையும் ஐந்தாவதையும் வடிவு தன் வாயால் தகப்பனாருக்குப் படித்திருக்கிறாள் என்பதுதான் என்னை உறுத்தியது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒருநாள் மகரந்தம் பற்றிப் பேச ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டேன். பையன்களுக்கு லாபம்.

பிறகு வைகாசி பிறந்ததும் ஏரலிலிருந்து திடீரென்று ஒரு செய்தி. பிள்ளை பேச்சைத் திரும்ப எடுக்கச் சம்மதிக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. பெரியவர்கள் முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார், நான் பதில் சொல்லவேண்டும். என் கல்வியின் பெருமை கொஞ்சம் தாமதமாக அவருக்கு விளங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். அவர் மனசு மாறிய காரணம் எனக்கு அப்போது தெரியாது.

மறுபடியும் கூடம்

"தம்பி, அது ஆணா, பெண்ணா?"

கேள்வியில் மறைவு ஒன்றும் இல்லை. அவருடைய பாட்டை ஊரே பரிகாசம் செய்யும்படி ஆக்கியவன் நான். அதே ஊர் முன்னால் நானே அதைச் சரி என்று சொல்லவேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். படலம் விழுந்த கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி, சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கறுப்பு தெரிந்திருக்காது. மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாமா என் தொடையைக் கிள்ளினார்.

உள்கதவின் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் நிற்கிறாள் என்று தெரிந்ததும் என் புத்தி முழுவதும் தாம்பாளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

"பெண்தான்" என்றேன்.

"சத்தமாச் சொல்லும்வே."

"கூவுவது பெண் குயில்தான். நான் தூரத்திலிருந்து பார்த்ததில் பிசகிவிட்டேன்."

"தாழை?"

"அதுவும் பெண்தான்."

முருங்கையில் இருந்தது இன்னும் ஒரு தரம் கூவிவிட்டுப் பறந்தது. தாம்பாளம் கை மாறியது. உள்கதவின் பின்னால் வளையல் சத்தம் தூரமாகப் போவது கேட்டது. வெட்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

பெட்டியில் இருந்தது

ஆனி மாதம் கல்யாணம். மாமனார் வாழ்த்துப்பா எழுதவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. மூன்று நாள் வரையில் வடிவு என்னோடு கேட்டதற்குப் பதில் என்கிற அளவிலேயே பேசினாள். சிரிக்கவே இல்லை. கடற்கரையில் நான் விழுந்ததை நானே நடித்துக் காட்டினேன். அதற்கும் சிரிக்கவில்லை.

மறுவீட்டுக்கு ஏரல் போயிருந்தபோது, ஒரு மத்தியானம், தன் தகரப்பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் கண்டனம். நாலாவது ஐந்தாவது ஆட்சேபம் இருந்த பக்கங்கள் மசியால் அடிக்கப்பட்டிருந்தன. மற்றவை அப்படியே இருந்தன.

"அப்பாவுக்கு இந்த ரெண்டையும் நான் வாசிக்கலை. வாசிச்சதாச் சொன்னது உங்க ஆறுமுகம் மாமா கட்டினது" என்றாள். "மத்த நாலையும் வாசிச்சேன். வாசிக்கையிலேயே தெரிஞ்சுபோச்சு, இது சரியின்னு. நம்ம முருங்கையிலே உக்காந்து கூவுகத நான் எத்தனை நாள் பாத்திருக்கேன். அப்பா பாட்டை எழுதச் சொன்னப்பவே சொல்லியிருக்கணும், எனக்குத் தைரியம் வரலை. யாரோ ஒருத்தரு ஊரு பேரு போட்டு எழுதியிருக்காரேன்னு இருந்தது."

மசி அடித்த பக்கத்தைப் புரட்டினேன்.

"சம்பந்தம் வேண்டாம்னு அப்பா சொன்னதும் மூணு நாள் நான் சாப்பிடலை. இதை எழுதினவரைத்தான் கட்டிக்கிடுவேன்னு சொன்னேன். அதுக்காகத்தான் உங்களை வரச் சொன்னாவ." கண்டனத்தை என் பக்கம் தள்ளினாள். "அன்னைக்குக் கூடத்துக்கு வந்தவரு வேற யாரோ. ஆறாவது ஆட்சேபம் எழுதினவரு நீங்கதானா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அளவுக்கு எதுவும் சுட்டதில்லை. உடனே எழுந்தேன். நேராகக் கூடத்துக்குப் போனேன். மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்றைக்கு நான் சொன்னது பொய். கூவுவது ஆண்தான்."

அவர் வெற்றிலையை வாயில் வைத்து, நிதானமாக மென்று, "பொண்ணைக் கொடுத்தாச்சு. இனிமே எது கூவினா எனக்கென்ன மாப்பிள?" என்றார். உள்ளே வடிவு சிரித்தாள். திருச்செந்தூரில் கேட்ட அதே சிரிப்பு.

பிரதி எடுக்கிறவள்

இந்த அத்தியாயத்தை இங்கேதான் முடித்திருந்தேன். ஆனால் என் கையெழுத்தை எந்த அச்சாபீசும் ஏற்றுக்கொள்ளாது. தகப்பனாருக்கு எழுதிக் கொடுத்தவள்தான் இந்தத் தொடரையும் வாராவாரம் பிரதி எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். நேற்று மத்தியானம் இந்த இடத்துக்கு வந்ததும் வடிவு பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்பா இப்படி எப்பச் சொன்னாவ?"

"அன்றைக்குத்தான். மறுவீட்டின்போது."

"நீங்க கூடத்துக்குப் போகவே இல்லையே. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, தலைவலிக்குன்னு படுத்துக்கிட்டீங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அடுத்த நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் தீபாவளிக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்பா கண்ணை மூடுற வரைக்கும் பாத்தேன். அவரு ஒவ்வொரு சித்திரையிலும் குயில் சத்தம் கேட்டா, மாப்பிளையே ஒத்துக்கிட்டாரு, பொண்ணுதான்னு சொல்லிச் சந்தோசப்படுவாவ. நீங்க பக்கத்துல உக்காந்து தலையை ஆட்டுவீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் தீர்ந்து எவ்வளவோ வருஷம் ஆயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை காலம் என்னோடு வாழ்ந்தவள், நான் போகாத அந்தக் கூடத்தின் வாசலில் மனசளவில் பாதியாவது நின்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அந்தப் பகுதியை அடித்துவிடு" என்றேன்.

"வேண்டாம். எழுதினது இருக்கட்டும். கீழே நடந்ததையும் எழுதுங்க. ஊரு பேரு போட்டு எழுதுறது உங்களுக்குப் பழக்கம்தானே."

ஆகவே எழுதுகிறேன். கூவுவது ஆண் குயில். மணப்பது ஆண் தாழை. ஏரல் கூடத்தில் பொய் சொன்னதும், மேலே நடக்காத காட்சியில் மாமனாரை வெற்றிலை போடவைத்ததும் ஓர் ஆண்தான். அவன் பெயர் இந்தத் தொடரின் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருக்கிறது.

வடிவு வாசித்துப் பார்த்தாள். ஓர் எழுத்தும் திருத்தாமல் பிரதி எடுத்தாள்.